இருபத்திரண்டு நாள் பிந்திப் பிறந்த இரும்பு

1

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாள் முதலாக எதிர்கொண்ட கேள்விகளிலேயே மிகக் கடினமானதற்கு, இந்தியானா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், எல்க்ஹார்ட் நகரத்துக்கு வெளியே ஒரு புல்வெளியில், ஜூன் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு விடை கிடைத்தது.

கேள்வி: 1958-ஆம் வருடத்து ஹாவர்டன்* காருக்கு இடதுபக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் எங்கே கிடைக்கும்?

விடை: ரோஸெல்லா என்ற அம்மாளின் வேனில், பின்கதவைக் காற்று சாத்திவிடாதபடி முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

முடிச்சை முதல் பக்கத்திலேயே அவிழ்த்துவிட்டேனே என்று வருத்தப்பட வேண்டாம். சாமான் கிடைக்காதவரை மனிதர்கள் ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள். கிடைத்த பிறகுதான் கதை.

மேனிஃபோல்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: எஞ்சினிலிருந்து வரும் புகையை ஒன்று சேர்த்து சைலன்சர் குழாய்க்குத் தள்ளிவிடும் வார்ப்பிரும்புத் துண்டு. நான்கு விரல்கள் ஒரு மணிக்கட்டில் சேர்கிற மாதிரி இருக்கும். காலில் விழுந்தால் பாதி விரல்கள் மிஞ்சும். தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். போகமாட்டார்கள், நான் தப்பாகச் சொல்கிறேனா என்று பார்க்க இந்தப் பத்தியை மூன்று முறை படிப்பார்கள்.

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மனிதரின் முதுகிலிருந்து கிடைத்தது. எங்கள் உதிரிபாகச் சந்தைகளில் என்ன சாமான் வேண்டுமோ அதை ஓர் அட்டையில் எழுதி, கயிறு போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு நடப்பது வழக்கம். எதிரே வரும்போது மனிதர், கடந்து போனதும் விளம்பரம். கடைக்காரர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. லவெர்ன் பிக்ஸ்லரை இரண்டு வருடமாக முதுகாகவே தெரிந்துவைத்திருக்கும் ஆட்கள் மூன்று மாவட்டங்களில் இருக்கிறார்கள்.

(* ஹாவர்டன் என்று ஒரு கம்பெனி கிடையாது. நான் வைத்த பெயர். உண்மையான பெயரைப் போட்டால், அந்த வருடத்து மாடலில் பக்கவாட்டு நிக்கல் பட்டை ஐந்தா ஆறா என்று எங்கள் பழைய கார்ச் சங்கத்தில் மூன்று பேர் எனக்குக் கடிதம் எழுதுவார்கள். வரைவை வாசிக்கக் கொடுத்தேன். ஹாவர்டனுக்கு ஆறு பட்டை என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.)

2

ஆரம்பங்கள். எதையும் அழிக்கவில்லை.

முதலாவது: “ஆதியில் இரும்பு இருந்தது. இரும்பு உருகி, உருகிய இரும்பு அச்சில் வார்க்கப்பட்டு, வார்க்கப்பட்டது குளிர்ந்து, மனிதனின் கனவைத் தாங்கும்—”

[இதைச் சங்கத்தின் பொன்விழா மலருக்காக எழுத உட்கார்ந்தேன். பொன்விழா மலர் என்றாலே ஏதாவது ஒன்று உருகியாக வேண்டும்.]

இரண்டாவது: “லவெர்ன் பிக்ஸ்லர் தன் காரின் முன்மூடியைத் திறந்தபோது அவருடைய கண்கள்—”

[கண்கள் ஒன்றும் செய்யவில்லை. மூக்குக் கண்ணாடி எஞ்சினுக்குள் விழுந்தது. அதை எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று.]

மூன்றாவது: “டக். டக். டக். டக். டக்.”

இது எனக்குப் பிடித்திருந்தது. விரிசல் விட்ட மேனிஃபோல்ட் அப்படித்தான் சத்தம் போடும். கோபக்கார குமாஸ்தா டைப் அடிக்கிற மாதிரி. ஆனால் அரைப் பக்கத்துக்கு மேல் ‘டக்’ எழுத எனக்குக் கூச்சமாகிவிட்டது. பெரிய பரிசு வாங்குகிறவர்களுக்கு அந்தக் கூச்சம் இருப்பதில்லை.

ஆகவே நான்காவது ஆரம்பமாக அந்த அறிவிப்பு. அதைத்தான் மேலே படித்தீர்கள்.

3

லவெர்னுக்கு எழுபத்தொரு வயது. வீட்டு வண்டித் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் சமையலறை அலமாரி பொருத்தியவர். (எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் சக்கரம் வைத்த வீடுகள் செய்கிறோம், மீதிப் பேர் அவற்றின் கதவு ஏன் மூடவில்லை என்று பார்க்கிறோம்.) அவருடைய ஹாவர்டன் வெளிர்பச்சை, கூரை மட்டும் பாலாடை நிறம். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர். இடதுபக்க மேனிஃபோல்டில், மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் நடுவே ஒரு விரிசல். முடி அகலம்தான். ஆனால் அந்த முடி வழியாகப் புகை காருக்குள் வருகிறது.

அவர் மனைவி கொரீன் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தப் புகையில் அவருக்குத் தலைவலி வந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை இறங்கிப் போய்த் தன் சாம்பல் நிறச் சின்னக் காரை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். அன்றிலிருந்து இரண்டு வருடமாக எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் இப்படித்தான்: முன்னால் லவெர்ன், டக் டக் டக், பின்னால் கொரீன், சாண்ட்விச்சும் கருவிப்பெட்டியும்.

லவெர்ன் பேச்சுக்காரர். கார் ஓட்டும்போதுதான் அவருக்குப் பேச்சு உச்சத்துக்கு வரும். கைக்கு அடக்கமான இரண்டு ரேடியோக்கள் வாங்கி ஒன்றை மனைவியிடம் கொடுத்தார். முதல் பத்து மைலுக்கு கொரீன் பதில் சொன்னார். பிறகு பாட்டரி தீர்ந்துவிட்டது என்றார். பாட்டரி தீரவில்லை என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், நான்தான் கதாசிரியன்.

சென்ற மார்ச்சில் கொரீன் ஒரு தேதி குறித்தார். செப்டம்பரில் வபாஷ் நகரத்தில் சங்கத்தின் பொன்விழாப் போட்டி. அறுபது மைல். அதற்கு அவரைப் பக்கத்து இருக்கையில் வைத்து, தலைவலி இல்லாமல் கூட்டிப்போக வேண்டும். முடியாவிட்டால் அவர் பின்னாலும் வரமாட்டார். வீட்டில் இருப்பார். அந்தப் போட்டிக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு எதற்குமே.

இதைச் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாராம். சாதாரணமாகச் சொன்னதுதான் தன்னைப் பயமுறுத்தியது என்று லவெர்ன் என்னிடம் சொன்னார்.

4

அட, இரண்டு வருடத்தில் ஒரு மேனிஃபோல்ட் கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கிடைத்தது. ஒன்றல்ல, பல. வலதுபக்கம் எக்கச்சக்கமாகக் கிடைத்தது. வலதுபக்கம் விரிசல் விடுவதில்லை, அதனால் யாருக்கும் தேவையில்லை, அதனால் எல்லோரிடமும் இருக்கிறது. நெப்ராஸ்காவில் ஒருவர் வலதைத் தலைகீழாக மாட்டினால் இடது என்று லவெர்னிடம் முக்கால்மணி நேரம் போனில் வாதாடினார். இடதுபக்கமும் கிடைத்தது. நான்கு. நான்கும் நல்ல இரும்பு, விரிசல் கிடையாது. நான்கையும் லவெர்ன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

காரணம் தேதி.

ஒவ்வொரு மேனிஃபோல்டின் உடம்பிலும் அது வார்க்கப்பட்ட தேதி புடைப்பெழுத்தில் இருக்கும். மாதத்துக்கு ஓர் எழுத்து, நாளுக்கு எண், வருடத்துக்குக் கடைசி இலக்கம். லவெர்னின் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது 1958 ஜனவரி 23. போட்டியில் பார்ப்பது கார் எவ்வளவு அசல் என்பதைத்தான், ஆகவே அதிலுள்ள ஒவ்வொரு உறுப்பும் அதற்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும். ரொம்ப முன்னாலும் கூடாது, ஆறு மாதத்துக்குள். நம் ஊர்களில் பெண்ணுக்கும் பையனுக்கும் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் எங்கள் சங்கத்தின் விதிப்புத்தகத்தைப் பார்த்தால் வெட்கப்பட்டு ஓடிவிடுவார்கள். அறுபத்தொரு பக்கம். எழுதியவர் தலைமை நடுவர் க்ளெமென்ட் வான்ஸ்டால்.

போட்டி நாளில் க்ளெமென்ட் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு, கையில் குச்சி முனையில் பொருத்திய கண்ணாடியுடன் வருவார். ஒரு துண்டுக் கம்பளத்தை விரித்து, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, அரைமணி நேரம் எண்களை வாசித்துச் சொல்வார். உதவியாள் எழுதிக்கொள்வார். பக்கத்தில் நிற்பவர்கள் தொப்பியைக் கழற்றிவிடுகிறார்கள். யாரும் கழற்றச் சொல்வதில்லை, கை தானாகப் போகிறது.

இப்போது முக்கியமான விஷயம். இதைக் கவனமாகப் படியுங்கள், இரண்டாவது தடவை சொல்ல எனக்கே தைரியம் வராது. போட்டித் திடலில் எஞ்சினை ஓடவிடக் கூடாது. நாற்பத்து நான்காம் பக்கம். சத்தமும் புகையும் நடுவர்களின் கவனத்தைக் கலைக்குமாம்.

ஆகவே லவெர்னின் விரிசல் விட்ட பழைய மேனிஃபோல்டுக்கு முழு மதிப்பெண். 1957 நவம்பர் வார்ப்பு, காரோடு பிறந்தது. விரிசலில் அடுப்புச் சிமெண்ட் பூசி, மேலே சாயம் அடித்து வைத்திருக்கிறார். க்ளெமென்ட் அதைத் தடவிப் பார்த்து, ‘அற்புதம்’ என்று சொல்லியிருக்கிறார். ஓடாத காரில் அது உண்மையிலேயே அற்புதம்தான்.

அந்த மேனிஃபோல்டோடு லவெர்ன் இரண்டு வருடம் தொடர்ந்து தங்கப் பதக்கம் வாங்கிவிட்டார். மூன்றாவதும் தொடர்ந்து வந்தால் சங்கத்து அறையின் பலகையில் நிரந்தரமாகப் பெயர் ஏறும். பலகையில் இதுவரை ஏழு பெயர்கள். இரண்டு க்ளெமென்ட்டுடையவை.

ஆக, அவருக்கு வேண்டியது ஓடுகிற, அதே சமயம் காருக்கு முன்னால் பிறந்த ஒன்று. கிடைத்த நான்கும் பிந்திப் பிறந்தவை. தேதி பிசகினால் மூன்று மதிப்பெண் போகும். மூன்று போனால் தங்கம் போகும்.

5

இந்த இடத்தில் எனக்கு கொரீன் மேல் சந்தேகம் வந்தது.

மனைவி என்ற முறையில் அல்ல, பாத்திரம் என்ற முறையில். எந்த மனுஷி இரண்டு வருடம் ஒரு காருக்குப் பின்னால் போவாள்? முதல் வரைவில் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, தனிமையில், மாலை வெயில் முகத்தில் படும்படி—

[படவில்லை. வரைவை கொரீனே வாசித்துவிட்டார். நான் சங்கத்து மாதாந்திரத் தாளின் ஆசிரியன். என் கணினியைத் திறந்துவைத்துவிட்டுக் காப்பி எடுக்கப் போனது என் தப்பு.]

“எழுத்தாளரே, இங்க வா,” என்றார். “நான் எதுக்கு ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்?”

தனிமை என்றேன்.

“என்ன தனிமை? ரெண்டு வருஷமா நிம்மதியா என் கார்ல போறேன், எனக்குப் பிடிச்ச பாட்டைப் போட்டுக்கிட்டு. அழுதுக்கிட்டா போறேன்?”

அப்படியானால் செப்டம்பர் கெடு எதற்கு என்று கேட்டேன். என் கணினியை மூடினார். பிறகு சொன்னார்.

“நாற்பத்தாறு வருஷம் கட்டிக்கிட்டு வாழ்ந்தவனோட பின்மண்டைய, ரெண்டு கண்ணாடி வழியா, ஐம்பதடி தூரத்துல பாத்துக்கிட்டுப் போறேன். பின்மண்டை வழுக்கையாயிட்டு வருது. அது அவனுக்கே தெரியாது. இத எழுது.”

எழுதிவிட்டேன். ஜன்னலை எடுத்துவிட்டேன்.

6

ஜூன் சந்தை. வரிசை வரிசையாகக் கடைகள், மைல் கணக்கில் துரு. லவெர்ன் முதுகில் அட்டையோடு முன்னால் போகிறார். பத்தடி பின்னால் கொரீனும் நானும், ஆளுக்கொரு பன்றிக்கறி சாண்ட்விச்சோடு. (ரொட்டி உள்ளங்கையளவு, கறி தட்டளவு. எங்கள் மாநிலத்தின் வடிவியல் அறிவு அவ்வளவுதான்.)

அட்டையில் இருந்ததை அப்படியே தருகிறேன்:

தேவை
1958 ஹாவர்டன்
இடதுபக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்
விரிசல் இல்லாதது
தேதி முக்கியமில்லை

கடைசி வரியை லவெர்ன் எழுதவில்லை. அப்படி ஒரு வரி இருப்பதே அவருக்குத் தெரியாது. தன் முதுகை யாரால் பார்க்க முடியும்? வீட்டை விட்டுக் கிளம்பும்போது கயிற்றைச் சரிசெய்து மாட்டிவிடுவது கொரீன். அட்டை இருக்கும் இடம் கொரீனின் காரின் பின்பக்கம். எங்கள் சங்கத்தில் ‘தேதி முக்கியமில்லை’ என்று சொல்வது, கோவிலுக்குள் நின்றுகொண்டு சாமி முக்கியமில்லை என்று சொல்வதற்குச் சமம். இரண்டு கோடையாக லவெர்ன் அதை முதுகில் தூக்கிக்கொண்டு சந்தை சந்தையாக நடந்திருக்கிறார். எல்லோரும் படித்தார்கள். யாரும் சொல்லவில்லை. சிலர் அவருடைய துணிச்சலை மெச்சினார்கள்.

[வாசகருக்கு இன்னொரு ஒப்புதல் வாக்குமூலம். அந்த வரியின் கையெழுத்து என்னுடையது. கொரீனின் எழுத்து பொடி எழுத்து, தூரத்திலிருந்து தெரியாது. அவர் சொன்னார், நான் தடித்த பேனாவால் எழுதினேன். முப்பது வருடமாக எழுதுகிறேன். ஏதாவது ஒரு விளைவை உண்டாக்கிய ஒரே வரி அதுதான்.]

பத்தேகாலுக்கு ஓர் அம்மாள் ஓடிவந்து லவெர்னின் தோளைத் தட்டினார். அவர்தான் ரோஸெல்லா, கோஷன் ஊரில் பல் மருத்துவமனையில் பற்களைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தவர். அண்ணன் விட்டுப்போன சாமான்களை விற்க வந்திருந்தார். அவர் வேன் கதவுக்கு முட்டாக இருந்த இரும்பைக் காட்டினார்.

லவெர்ன் மண்டியிட்டார். தூக்கினார், திருப்பினார். விரல் நுனியால் சுண்டினார். விரிசல் இருந்தால் மந்தமாகச் சத்தம் வரும். இது மணி மாதிரி ஒலித்தது. இடதுபக்கம்தான். பிறகு துருவைத் தேய்த்துத் தேதியைப் பார்த்தார். 1958 பிப்ரவரி 14.

கார் பிறந்து இருபத்திரண்டு நாள் கழித்து.

இரும்பைக் குழந்தையைப் படுக்கவைப்பதுபோலத் தரையில் வைத்துவிட்டு, தேதி சரியில்லை, மன்னிக்கணும் என்றார் லவெர்ன்.

ரோஸெல்லாவுக்குப் புரியவில்லை.

“தேதி முக்கியமில்லன்னுதானே போட்டிருக்கீங்க?”

“எங்க போட்டிருக்கேன்?”

“உங்க முதுகுல.”

லவெர்ன் அட்டையைக் கழற்றிப் படித்தார். பிறகு கொரீனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இருபது வருடமாக நான் எழுதும் அறிவிப்புப் பலகைகளைப் படித்துவருகிறவர். என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா?

இந்த நேரம் பார்த்து க்ளெமென்ட் வான்ஸ்டால் வந்து சேர்ந்தார். கதைக்கு வசதியாக இருக்கட்டும் என்று நான் வரவழைக்கவில்லை. ஒரு தேதியைப் பற்றி நான்கு பேர் பேசினால் அவர் எங்கிருந்தாலும் வந்துவிடுவார். சட்டைப்பையிலிருந்து குச்சிக் கண்ணாடியை எடுத்தார். சாமான் தரையில் வெட்டவெளியில் கிடந்தது, வெறும் கண்ணால் பார்க்கலாம். கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்.

“இருபத்திரண்டு நாள்,” என்றார். “லவெர்ன், காருக்குப் பின்னால பொறந்த உறுப்பு அந்தக் காரோட உறுப்பு கிடையாது. அது அந்நியப் பொருள். அது உள்ள போச்சுன்னா அந்தக் கார் அந்தக் காரே இல்ல.”

கொரீன் சாண்ட்விச்சை என்னிடம் கொடுத்தார்.

“க்ளெம், ஒரு சந்தேகம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் உங்களுக்கு இடுப்பு மூட்டு மாத்துனாங்களே, அது எந்த வருஷத்து வார்ப்பு?”

க்ளெமென்ட் அது வேறு விஷயம் என்றார்.

“இல்ல, உங்க பொறந்த தேதிக்கு முந்தியா பிந்தியான்னு கேட்டேன்.”

“பிந்திதான். எப்படி முந்தி இருக்கும்?”

“அப்ப நீங்க யாரு?”

பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் இருமினார். க்ளெமென்ட் கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார். விதிப்புத்தகத்தில் இடுப்பு பற்றி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, புது இடுப்பில் கம்பீரமாக நடந்துபோனார். என்ன இருந்தாலும் நன்றாகவே வேலை செய்கிறது.

7

வண்டி நிறுத்துமிடம். பச்சைக் காருக்கும் சாம்பல் காருக்கும் நடுவில் அவர்கள் இருவரும் நின்றார்கள். நான் சாம்பல் காரின் பின்னால் பதுங்கி, கருவிப்பெட்டியைத் தேடுவதுபோல நடித்தேன். ஆசிரியன் என்பவன் எல்லா இடத்திலும் இருப்பான் என்று சொல்கிறார்களே, அது இப்படித்தான், பெரும்பாலும் குனிந்துகொண்டு.

“எத்தன நாளா இருக்கு இது?” என்று கேட்டார் லவெர்ன்.

“ரெண்டு வருஷம். போன வருஷம் மழையில அழிஞ்சுது. திருப்பி எழுதச் சொன்னேன்.”

“அப்ப ஊருக்கே தெரியும்.”

“உனக்கு எதிர்ல வர்றவங்களுக்குத் தெரியாது,” என்றார் கொரீன். “பின்னால வர்றவங்களுக்குத்தான் தெரியும்.”

லவெர்ன் அட்டையைப் பச்சைக் காரின் மேல் வைத்தார். உடனே எடுத்தார், சாயத்தில் கீறல் விழும். அந்த நிலையிலும் அது ஞாபகம் வந்தது அவருக்கு. கொரீன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் கொஞ்ச நாள் பொறு, சரியான தேதி கிடைத்துவிடும் என்றார் லவெர்ன். வடக்கு டகோடாவில் ஒருவர் சொல்லியிருக்கிறார் என்றார்.

“லவெர்ன், அந்தப் பலகையில உன் பேரு ஏறணும்னு எனக்கும் ஆசைதான். நான் பொய் சொல்லல. ஆனா எனக்கு அறுபத்தொன்பது ஆகுது. வடக்கு டகோடா வரைக்கும் நான் பொறுத்தாச்சு.”

கொரீன் தன் காரில் ஏறினார். லவெர்ன் அங்கேயே நின்றார். அரைமணி நேரம் கழித்து அவர் திரும்பிச் சந்தைக்குள் போவதைப் பார்த்தேன். முதுகில் அட்டை இல்லை.

(ரோஸெல்லா இரும்பை மட்டும் தனியாக விற்க மறுத்துவிட்டார். எடுத்தால் அண்ணன் வைத்திருந்த மூன்று பெட்டியும் எடுக்க வேண்டும் என்றார். ஆகவே லவெர்னிடம் இப்போது பதினோரு வலதுபக்க மேனிஃபோல்டுகள் இருக்கின்றன. யாருக்காவது வேண்டுமா?)

8

வாங்கிவிட்டார் என்பதால் மாட்டிவிட்டார் என்று அர்த்தமல்ல. ஜூலை முழுக்க அந்த இரும்பு அவர் பட்டறை மேசையில், சுத்தம் செய்யப்பட்டு, ஒரு துண்டின் மேல் கிடந்தது. பழையது காரில் இருந்தது. இந்த இடத்தில் கதை எனக்கும் நின்றுவிட்டது. முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு (அ): லவெர்ன் புதியதை மாட்டி, கொரீனைப் பக்கத்தில் வைத்து வபாஷ் போகிறார். விடுதி வாசலில் வைத்து அதைக் கழற்றிப் பழையதை மாட்டுகிறார். தங்கம் வாங்குகிறார். எல்லோருக்கும் சந்தோஷம். [எங்கள் சங்கத்தில் இதைச் செய்யாதவர்கள் குறைவு. ஆனால் எட்டு போல்ட்டு. ஒன்று உடைந்தாலும் போட்டி முடிந்தது. அதோடு, திரும்பி வரும்போது கொரீன் எதில் வருவார்? பழையதை மாட்டினால் புகை.]

முடிவு (ஆ): தேதியை அரத்தால் ராவி, வேறு தேதி பொறித்துவிடுகிறார். அந்த வேலையைச் சுத்தமாகச் செய்யும் ஆள் மிச்சிகனில் இருக்கிறார். எல்லோருக்கும் தெரியும், யாரும் பெயர் சொல்வதில்லை. [லவெர்னிடம் கேட்டேன். முப்பத்தெட்டு வருடத்தில் ஓர் அலமாரிக் கதவைக்கூடக் கோணலாக மாட்டியதில்லை என்றார். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.]

முடிவு (இ): போட்டித் திடலில் க்ளெமென்ட் கம்பளத்தில் படுத்து, தேதியைப் படித்து, மௌனமாகி, தன் இடுப்பைத் தடவி, ‘இதை நான் பார்க்கவில்லை’ என்று சொல்ல, கண்ணீர் மல்க—

[மன்னிக்கவும். ஒரு நிமிடம் எனக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது.]

முடிவு (ஈ): லவெர்ன் பழைய மேனிஃபோல்டோடு தனியாகப் போகிறார். டக் டக் டக், அறுபது மைல். மூன்றாவது தங்கம். பலகையில் பெயர். படமெடுக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லை. [இது நல்ல முடிவு. சோகமான முடிவு என்பதால் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆகஸ்ட் இருபதாம் தேதிவரை இதைத்தான் வைத்திருந்தேன்.]

ஆகஸ்ட் இருபத்தோராம் தேதி லவெர்ன் என்னைக் கூப்பிட்டு, விளக்கைப் பிடிக்கச் சொன்னார். போனேன். தான் உள்ளே புகுந்த கதைக்கு ஆசிரியன் விளக்குப் பிடிப்பது புதிதல்ல. பழைய போல்ட்டுகளுக்கு மூன்று நாளாக எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தார். ஏழு கழன்றன, எட்டாவது உடைந்தது. அதைத் துளைபோட்டு எடுக்க மதியம்வரை ஆயிற்று. பேச்சுக்காரர் பேசாமல் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. புதியதைத் தூக்கிப் பொருத்தினார். ஒவ்வொரு போல்ட்டாக, நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி, இறுக்கினார்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டார். சத்தம் இல்லை. பூனை தூங்குகிற மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். கொரீன் பின்கதவு வழியாக வெளியே வந்தார். காது கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

“ஓடுதா?” என்றார்.

“ஓடுது,” என்றார் லவெர்ன்.

கொரீன் உள்ளே போய்விட்டார்.

9

இனி உங்கள் பாடு. வபாஷில் என்ன நடந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. மூன்று மதிப்பெண் போயிற்றா, பலகையில் பெயர் ஏறிற்றா, க்ளெமென்ட் கம்பளத்தில் படுத்துக்கொண்டு என்ன வாசித்தார், யார் தொப்பியைக் கழற்றினார்கள், எல்லாவற்றையும் உங்கள் குணத்துக்குத் தகுந்தபடி போட்டுக்கொள்ளுங்கள். நியாயம் வேண்டும் என்பவர்கள் தங்கம் கொடுக்கலாம். விதி விதிதான் என்பவர்கள் மறுக்கலாம். விதிப்புத்தகத்தின் ஒரு பிரதியை அனுப்பிவைக்கிறேன், எங்கள் அறையில் நாற்பது பிரதி மிச்சம் இருக்கிறது.

நான் சொல்லக்கூடியது என் கண்ணால் பார்த்ததை மட்டும். செப்டம்பர் சனிக்கிழமை, காலை ஏழு மணி. லவெர்ன் புதிதாக முடி வெட்டியிருந்தார். கொரீன் பக்கத்து இருக்கையில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். கருவிப்பெட்டியோடு நான் என் காரில் பின்னால் போனேன். முதல் சிக்னலில் லவெர்ன் கொரீன் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கை ஆடியது. இரண்டு வருடத்துப் பேச்சு. நெப்ராஸ்காக்காரரிலிருந்து தொடங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். அறுபது மைல் இருக்கிறது, அவசரமில்லை.

இரண்டாவது சிக்னல் வருவதற்குள் கொரீன் தூங்கிவிட்டார்.